பால்வாடிக்குப் பணம்: எதை அளந்து கொடுப்பது?

அங்கன்வாடிக்கு வரும் ஒரு குழந்தையின் உணவுக்கு ஒன்றிய அரசு 2017-ல் திருத்தி வகுத்த செலவு அளவு நாளொன்றுக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. கடும் எடைக்குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் இந்தக் கணக்கு ஓடும். எட்டு ரூபாய்க்குள் 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் குழந்தையின் தட்டுக்கு வந்துவிட வேண்டும். செலவில் பாதியை ஒன்றிய அரசும் மறுபாதியை மாநில அரசும் ஏற்கின்றன. தமிழ்நாடு வாரத்தில் மூன்று நாள் முட்டையையும் கலவை சாதத்தையும் சிறு குழந்தைகளுக்குச் சத்துமாவையும் தருகிறது.

இந்தக் கணக்கில் எத்தனை குழந்தைகள் வந்தார்கள், எத்தனை கிலோ அரிசி இறங்கியது, எத்தனை முட்டை வேகவைக்கப்பட்டது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறும். அந்தக் குழந்தை வளர்ந்ததா என்ற கேள்விக்கும் அடுத்த மாதம் வரும் பணத்துக்கும் தொடர்பு கிடையாது. வளர்ந்தாலும் எட்டு ரூபாய், வளராவிட்டாலும் எட்டு ரூபாய். இந்த முறையைத் திருப்பிப் போட்டு, கிடைத்த பலனைப் பார்த்துப் பொதுப்பணத்தைத் தர வேண்டும் என்ற யோசனை கடந்த இருபது ஆண்டுகளாக உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. பலன் சார்ந்த நிதி என்று அதைச் சொல்லலாம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. சிக்கல் பலனை அளக்கும் இடத்தில் இருக்கிறது.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. அரசுப் பலகையில் அங்கன்வாடி என்று எழுதியிருந்தாலும் திருவண்ணாமலைப் பக்கத்தில் மக்கள் வாயில் அது இன்னும் பால்வாடிதான். பணியாளர் டீச்சர், உதவியாளர் ஆயா. கூடுதல் உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி என ஆறு சேவைகளை இந்த இரண்டு பேரை வைத்தே திட்டம் எதிர்பார்க்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி 24.65 லட்சம் மக்கள், அவர்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமவாசிகள். பதினெட்டு ஒன்றியங்களில் ஒன்று ஜவ்வாது மலை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் இருக்கும் மையத்துக்கும் ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு மலைக்கிராமத்து மையத்துக்கும் அதே எட்டு ரூபாய்தான்.

செலவைச் சொன்னால் போதாது, செலவால் என்ன விளைந்தது என்றும் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டத்துக்குள் முறையாக நுழைந்தது 2005-ல். அப்போது நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் விளைவு அறிக்கை ஒன்றை முதன்முறையாக நாடாளுமன்றத்தில் வைத்தார். ஆனால் அறிக்கை தருவது வேறு, அறிக்கையைப் பார்த்துப் பணம் தருவது வேறு. ரூபாய் அரிசியாகிறது. அரிசி சாதமாகிக் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறது. அதன் பிறகு எடை ஏற வேண்டும், உயரம் கூட வேண்டும், பேச்சும் எண்ணும் படிய வேண்டும், ஆறு வயதில் முதல் வகுப்பில் தயக்கமில்லாமல் உட்கார வேண்டும். ஒவ்வொரு படியிலும் பால்வாடியின் கை தளர்ந்து, குடிநீர், கழிப்பறை, வயிற்றுப்போக்கு, தாயின் இரத்தசோகை, தகப்பனின் வேலை ஆகியவற்றின் கை ஓங்குகிறது.

காலம் இன்னொரு தடை. சிறுவயதுக் கல்வியின் பலனுக்குச் சான்றாக எங்கும் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் 1962-ல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வு. அதில் இருந்தவர்கள் 123 குழந்தைகள். அவர்கள் நாற்பது வயதைத் தொடும்வரை பின்தொடர்ந்த பிறகுதான், போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சமூகத்துக்குத் திரும்பியது என்று பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மனும் அவர் குழுவினரும் கணக்கிட முடிந்தது. மார்ச் 31-ல் கணக்கு முடிக்கும் கருவூலம் நாற்பது ஆண்டு காத்திருக்காது. அதனால் இன்றே கைக்கு அகப்படும் ஏதோ ஒன்றைப் பலனாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தியாவில் அது பெரும்பாலும் எடையும் உயரமும்தான்.

எடை போடுவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தை 9.7 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. பெண் குழந்தைக்கு அந்தக் கோடு 9 கிலோ. தராசில் 9.8 காட்டும் ஒரு பையன் இடுப்பில் வெள்ளி அரைஞாணும் காலில் தண்டையும் உடம்பில் சட்டையும் போட்டிருந்தால், அவற்றைக் கழற்றினார்களா இல்லையா என்பதே அவன் எந்தப் பட்டியலில் சேர்வான் என்பதைத் தீர்மானித்துவிடும். உயரத்தில் இது இன்னும் நுட்பம். இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிறுத்தி அளக்க வேண்டும். படுக்கையில் அதே உடம்பு சுமார் 0.7 சென்டிமீட்டர் நீளமாகக் காட்டும். இரண்டு வயது ஆண் குழந்தைக்கு வளர்ச்சிக் குன்றலின் கோடு நின்ற நிலையில் 81 சென்டிமீட்டர், படுத்த நிலையில் 81.7. பலகையில் சரியாக அளக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தலையைத் தலைப்பலகையோடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்திப் பாதத்தோடு நகர்பலகையைச் சேர்க்க. ஆயா அடுப்பு முன்னால் நின்றால் டீச்சர் ஒருத்தியாகத்தான் அளக்கிறார். குழந்தை அழுது துள்ளும்போது ஒரு சென்டிமீட்டர் போவதும் வருவதும் சாதாரணம்.

மாதம் முழுவதும் ஆயிரக்கணக்கான மையங்களில் நடக்கும் இந்தச் சிறு தடுமாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று நம்பலாம், அளவில் பணம் சேராதவரை. பணம் சேர்ந்துவிட்டால் தடுமாற்றம் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும். அதற்கு யாரும் மோசடிக்காரராக இருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் நல்ல எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும்.

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862-ல் கொண்டுவந்த விதித்தொகுப்பு, பள்ளிக்கான மானியத்தைத் தேர்வு முடிவோடு கட்டியது. ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை வருவார். படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய பாடத்துக்குத் தக்கபடி பணம். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆங்கிலேய அரசு உதவிபெற்ற திண்ணைப் பள்ளிகளும் தொடக்கப் பள்ளிகளும் பல ஆண்டுகள் இப்படித்தான் மானியம் வாங்கின. 1882-ன் ஹண்டர் கமிஷன்கூட தொடக்கக் கல்விக்கு இதை ஆதரித்தது. விளைந்தது என்னவென்றால், ஆய்வாளர் கேட்கும் பாடத்தை மனப்பாடம் செய்விப்பதும், தேறக்கூடிய பிள்ளைகளையே கவனிப்பதும், கேட்காத பாடத்தைக் கைவிடுவதும்தான். வைஸ்ராய் கர்சன் காலத்தில் 1904-ல் வந்த கல்வித் தீர்மானம் இந்த முறைக்கு முடிவு கட்டியது. இங்கிலாந்து அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. இன்றைய விவாதத்துக்கு அதிகம் உதவக்கூடிய செய்தி வேறொன்று. அந்தக் கறாரான லோவின் விதிகளிலேயே ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தனித்தனித் தேர்வு கிடையாது. அவர்கள் வந்தால் போதும், பள்ளிக்கு மானியம் கிடைக்கும். ஒரு சிறு குழந்தையின் ஒருநாள் நடத்தையைப் பார்த்து ரூபாய் எண்ணுவது தகாது என்ற அளவுக்கு அந்தச் சிக்கன மூளைக்கும் புத்தி இருந்தது.

தமிழ்நாடு பின்னாளில் எடையை வேறு விதமாகப் பயன்படுத்தியது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது; முதல் சோதனை மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தார்கள். குழந்தை ஒல்லியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வளைகோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு, உருண்டையாகப் பிடித்துக் கையில் கொடுப்பார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். ஏறாவிட்டால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். எடை இங்கே உணவை வழிநடத்தும் குறியாக இருந்தது, யாருடைய சம்பளத்தையும் தீர்மானிக்கவில்லை. தவறாக எழுதுவதால் பணியாளருக்கு லாபமில்லை. கடும் எடைக்குறைவு கணிசமாகக் குறைந்தது என்று திட்டத்தை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இதே காலத்தில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். எடையெல்லாம் பார்க்காமல் எல்லாக் குழந்தைக்கும் மதிய உணவு என்று அறிவித்தார். பொருளாதார நிபுணர்கள் முதல் திட்டத்தைப் பாராட்டினார்கள், ஊர் இரண்டாவதைத்தான் கொண்டாடியது. நிலைத்ததும் இரண்டாவதுதான். ஊட்டச்சத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1990களின் பிற்பகுதியில் முடிந்தபோது அதன் மையங்கள் அங்கன்வாடிகளாகிவிட்டன.

பலனுக்கு விலை வைக்கும் முறையின் புது உருவம் தாக்கப் பத்திரம். ஒரு முதலீட்டாளர் முன்பணம் போடுவார். ஒரு தொண்டு நிறுவனம் வேலை செய்யும். மூன்றாம் தரப்பு பலனை அளக்கும். பலன் வந்திருந்தால் அரசோ ஓர் அறக்கட்டளையோ முதலீட்டாளருக்கு லாபத்துடன் திருப்பித் தரும், வராவிட்டால் நட்டம் அவருடையது. இந்தியாவில் கல்வித் துறையில் இதன் முதல் பெரிய சோதனை 2015 முதல் 2018 வரை ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் நடந்தது. எஜுகேட் கேர்ள்ஸ் என்ற அமைப்பு பள்ளிக்கு வராத பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதையும் பிள்ளைகளின் கற்றலையும் ஏற்றுக்கொண்டது. சேர்க்கையில் இலக்கின் 116 சதவீதமும் கற்றலில் 160 சதவீதமும் எட்டப்பட்டதால் முன்பணம் போட்ட யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளைக்கு ஆண்டுக்கு 15 சதவீத ஆதாயம் கிடைத்தது. இங்கே அளவு நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம், ஒப்பிடுவதற்குத் திட்டம் நடக்காத பள்ளிகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததே.

அப்படி ஒப்பீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலம் சாட்சி. அங்கே 2013-ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் முதலீட்டில் ஏழைக் குழந்தைகளுக்கான முன்பள்ளித் திட்டம் தொடங்கியது. ஒரு சொல்லைச் சொல்லி அதற்குரிய படத்தைக் காட்டச் சொல்லும் ஒரு சோதனையில் குறைந்த மதிப்பெண் எடுத்த 110 குழந்தைகளுக்குப் பின்னாளில் சிறப்புக் கல்வி தேவைப்படும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டார்கள். முன்பள்ளி முடிந்தபோது ஒரே ஒரு குழந்தைக்குத்தான் சிறப்புக் கல்வி தேவைப்பட்டது. மீதி 109 பேரும் காப்பாற்றப்பட்டவர்களாகக் கணக்கில் ஏறினார்கள், அவர்களுக்காக வங்கிக்குப் பணம் போனது. அந்த 110 பேரில் எத்தனை பேருக்கு முன்பள்ளி இல்லாமலே சிறப்புக் கல்வி தேவைப்பட்டிருக்காது என்று நிபுணர்கள் கேட்டபோது பதில் இல்லை. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒரு குழந்தை ஆங்கிலப் பெயர் தெரியாமல் திகைத்தால் அது அறிவுக் குறைவு ஆகிவிடாது. முன்பள்ளி நல்லதாகவே இருந்திருக்கலாம், விலைச்சீட்டு தவறு.

தனி நிறுவனத்தைவிடத் தனிப்பணியாளருக்குப் பலனைக் கட்டுவது இன்னும் சங்கடமானது. ஒன்றிய அரசு 2018-ல் அங்கன்வாடிப் பணியாளரின் மதிப்பூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியபோது, செயல்பாட்டுக்கேற்ப மாதம் 500 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது, உதவியாளருக்கு 250. ஆனால் அந்த ஊக்கத்தொகை வீட்டுக்குப் போய்ப் பார்த்ததற்கும் எடையைப் பதிவு செய்ததற்கும்தான், எடை ஏறியதற்கு அல்ல. வெளியிலிருந்து பார்க்கும்போது இது அரைகுறை ஏற்பாடாகத் தோன்றும். உண்மையில் இதுவே விவேகம். போடப்பட்ட எடைக்குக் காசு தந்தால் எடை போடுவார்கள், கூடிய எடைக்குக் காசு தந்தால் கூட்டிப் போடுவார்கள். தமிழ்நாட்டில் இந்த 500 ரூபாயின் இழுப்பு வேறு மாநிலங்களைவிடக் குறைவு. இங்கே பணியாளருக்கு மாநில அரசின் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. நிலையான அடித்தளம் இருப்பதால் மாத எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நிலை இல்லை.

பலனுக்கேற்ற பணம் எப்போதும் தோற்கும் என்றும் சொல்ல முடியாது. சண்டிகர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிரகர்ஷ் சிங் நடத்திய சோதனையில், குழந்தைகளின் எடை தேறியதற்கு ஏற்பப் பணியாளருக்குப் பணம் தருவதை மட்டும் செய்தபோது பயன் தெரியவில்லை, தாய்மாருக்குச் சமையல் குறிப்பும் தகவலும் தருவதை மட்டும் செய்தபோதும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது மூன்று மாதத்தில் எடைக்குறைவு சுமார் 4 சதவீதப் புள்ளி குறைந்தது. எடை போட்டது வெளியாட்கள் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டின் பால்வாடிகளைப் பற்றிய மிக வலுவான ஆய்வு ஊக்கத்தொகையைப் பற்றியதே அல்ல. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநில அரசின் ஒத்துழைப்புடன் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் வந்த மையங்களுக்கு அரைநாள் வேலை செய்யும் கூடுதல் பணியாளர் ஒருவரை அனுப்பினார்கள். முன்பருவக் கல்விக்கான நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். புதிய ஆள் கல்வியைப் பார்த்துக்கொண்டதால் பழைய டீச்சருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்தது. வளர்ச்சிக் குன்றலும் கடும் ஊட்டக்குறையும்கூடக் குறைந்தன. கூடுதல் ஆளுக்கான செலவைவிடப் பலன் பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு. டீச்சர்கள் மனம் வைக்காததால் பலன் வரவில்லை என்று எண்ணிப் பரிசுப் பணம் வகுப்பவர்களுக்கு இந்த முடிவு ஒரு மறுப்பு. குறை மனத்தில் இல்லை, கைகளின் எண்ணிக்கையில் இருந்தது.

பணத்தைப் பலனோடு கட்டவே வேண்டும் என்றால் பால்வாடிக்கு மேலே, மாநில மட்டத்தில் கட்டுவது குறைந்த தீங்கு. உலக வங்கி 2019-ல் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த 28.7 கோடி டாலர் கடன் அந்த வகை. ஒப்புக்கொண்ட முடிவுகள் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் தவணை வரும். தாய் சேய் நலத்தில் மாவட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இலக்கு தவறினால் தாமதமாவது கருவூலத்துக்கு வரும் தவணை, குழந்தைக்கு வரும் முட்டை அல்ல. குடும்பத்தோடு நேராக ஒப்பந்தம் செய்வது இன்னொரு வழி. 2018-ல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 12 வாரத்துக்குள் பதிவு, பரிசோதனை, அரசு மருத்துவமனைப் பிரசவம், தடுப்பூசி எனப் படிப்படியாகப் பிரித்துத் தரப்பட்டது. குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகே கடைசித் தவணை. ஊசி போட்டார்களா இல்லையா என்பதில் தராசுத் தடுமாற்றம் இல்லை.

திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில் எந்த அளவில் பலனைப் பார்ப்பது என்பதும் தீர்க்க வேண்டிய கேள்வி. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சிக் குன்றல் 2015-16-ல் 27.1 சதவீதம், 2019-21-ல் 25 சதவீதம். உயரத்துக்கேற்ற எடையின்மை 19.7-லிருந்து 14.6-க்கு இறங்கியது. இந்த ஆய்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், ஒரு மாவட்டத்தில் சில நூறு வீடுகளைத்தான் தட்டும். ஆரணியும் செய்யாறும் வந்தவாசியும் சேர்ந்த சராசரியில் ஜவ்வாது மலை கரைந்துபோகும். மாவட்டச் சராசரிக்குப் பரிசு வைத்தால், ஏற்கெனவே கோட்டுக்கு அருகில் இருக்கும் சமவெளிக் குழந்தைகளைக் கோட்டுக்கு மேலே தள்ளுவதே லாபம். மலைக்குப் போகும் ஜீப்புக்குச் செலவிட யாருக்கும் காரணம் இருக்காது. போதாததற்கு மலைக்குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் தோட்ட வேலைக்குக் கர்நாடகம், கேரளம் என்று இறங்கிவிடும். நகரத்திலும் நிலைமை நேர் அல்ல. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் கடை விரிக்கும் குடும்பத்தின் குழந்தையை மறுநாள் காலை பத்து மணிக்குப் பால்வாடியில் எதிர்பார்க்க முடியாது. வராத குழந்தை எடைபோடும் நாளில் இல்லாத குழந்தை. இல்லாத குழந்தையால் சராசரி கெடுவதில்லை.

ஆகவே எட்டு ரூபாயும் டீச்சரின் ஊதியமும் எந்த எண்ணையும் பொறுத்திராமல் வர வேண்டும். அதற்கு மேலே வைக்கும் பரிசு ஒன்றியவாரியாகவும், பின்தங்கிய ஒன்றியத்துக்குக் கூடுதல் எடையுடனும், டீச்சரல்லாத ஒருவர் மாதிரிக்கு எடுத்து அளந்த எண்ணின் பேரிலும் இருக்கலாம். அப்படி அளக்க ஆகும் செலவு சிறியதல்ல; பரிசுத் தொகையே அதில் கரைந்துவிடக்கூடும் என்பதால்தான் பல அரசுகள் பேச்சோடு நிறுத்திக்கொள்கின்றன.

நடப்பில் அரசின் கவனம் வேறு பக்கம் போயிருக்கிறது. 2021 முதல் எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன. இடம்பெயரும் குடும்பத்தின் பதிவை வேறு மையத்துக்கு மாற்றும் வசதியும் அதில் உண்டு. 2025 ஜூலை முதல் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு வாங்கப் பயனாளியின் முகம் செயலியில் பொருந்த வேண்டும். மாவு உரியவரின் கைக்குத்தான் போனது என்பதற்கு இது அத்தாட்சி. மாவு போன பிறகு குழந்தைக்கு என்ன ஆனது என்பதை அந்தச் செயலியிலும் டீச்சர்தான், அதே தராசை வைத்து, தனியாளாக எழுதுகிறார்.